மாமா 'ஆமா' போட்ட கொரியப் படம்

"பாடுறவரே எல்லாத்தையும் சொல்லிடுறார். அப்புறம் எதுக்குப் பெரியம்மா அதையே நடிச்சும் காட்டணும்?"

தங்கை மகள் இதைக் கேட்டபோது படம் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. கேள்வி நியாயமானதுதான். இம் க்வோன்-டெக் 2000-இல் எடுத்த 'சுன்ஹ்யாங்' படத்தைப் பார்க்கிற யாருக்கும் முதலில் இந்த இடத்தில்தான் இடிக்கும். கொரியாவில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த பழங்கதை அது. அதை வழக்கமான படமாக எடுக்காமல், ஜோ சாங்-ஹ்யோன் என்ற பாடகர் மேடையில் நின்று பாடுகிற பான்சோரியை முதுகெலும்பாக வைத்துக்கொண்டார் இம். ஒரு பாடகர், கையில் விசிறி. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு மேளத்தைத் தட்டுகிறவர். அவ்வளவுதான் கச்சேரி. "பையன் குதிரையேறிப் போகிறான்" என்று அவர் பாடுவார், திரையில் பையன் குதிரையேறிப் போவான். நடுநடுவே படம் மறுபடி மேடைக்கே வந்து, கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்தையும் காட்டும்.

அவளுக்கு இது பிடிக்கவில்லை. நர்சிங் படிக்கிற பிள்ளை. கொரிய சீரியல் பார்த்துப் பார்த்தே பாதி பாஷை கற்றுக்கொண்டவள். இந்தப் படத்தைப் போட்டதும் முதலில் முறைத்தாள். "இது அவங்க பேசுற கொரியன் மாதிரியே இல்ல, ஒரு வார்த்தை பிடிபடல" என்றாள். பிடிபடாதுதான். பான்சோரிப் பாட்டில் கொரியாவின் தென்மேற்கில் இருக்கிற சோல்லா வட்டாரப் பேச்சும் பழைய சீனச் சொற்களும் நிறைய. தலைநகர் சோலில் வளர்கிற பிள்ளைகளே தடுமாறுவார்களாம்.

எங்கள் வீடு கேரளத்தில், பாறசாலைப் பக்கம். நான் தையல்கடை வைத்திருக்கிறேன். மாமா வீடு களியக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டில். 1956 நவம்பர் 1-இல் கோடு போட்டபோது எங்கள் குடும்பம் இரண்டு மாநிலமாகிவிட்டது. சந்தைக்கு அந்தப் பக்கம், ரயிலுக்கு இந்தப் பக்கம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இரண்டு பக்கமும். அன்றைக்கு மாமாவும் மாமியும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு சாரும் வந்தார், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மலையாளி. டிசம்பர் மாதம் திருவனந்தபுரம் திரைப்பட விழா வந்தால் சாரை வீட்டில் பார்க்க முடியாது. 2013-இல் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் அங்கே வந்தபோது தள்ளுமுள்ளுக்குள் நின்று பார்த்த கதையை இன்னமும் சொல்வார். படத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில். அம்மாவுக்கும் மாமா மாமிக்கும் நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஆக வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று கதை சொல்லிகள்: திரைக்குள் பாடகர், பாடியதை நடித்துக் காட்டுகிறவர்கள், அப்புறம் நான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நாம்வோன் என்ற ஊர். ஆளுநர் மகன் மோங்ர்யோங், வசந்த காலத்தில் க்வாங்ஹல்லு மண்டபத்திலிருந்து, ஊஞ்சலாடும் சுன்ஹ்யாங்கைப் பார்க்கிறான். அவள் அம்மா வோல்மே ஒரு காலத்தில் கீசெங்காக இருந்தவள், நம் ஊர்க் கணக்கில் மாதவி குலம். அப்பா பெரிய மனிதராக இருந்தாலும், அங்கே அன்றைய வழக்கப்படி அம்மாவின் சாதிதான் மகளுக்கு. அவர்கள் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பையனின் அப்பாவுக்கு மாற்றல் வருகிறது, பையன் தலைநகருக்குப் போகிறான். புதிதாக வருகிற ஆளுநர் ப்யோன் ஹாக்-டோ, கீசெங் மகள்தானே என்று அவளைக் கூப்பிடுகிறான். அவள் மறுக்கிறாள். அடி, சிறை. பையன் தேர்வில் முதலாக வந்து, அரசரின் ரகசிய ஆய்வாளராகப் பிச்சைக்காரன் வேஷத்தில் திரும்பி வருகிறான்.

படம் தொடங்கியதும் மாமா காதைத் தீட்டிக்கொண்டார். மாமா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். இளவயதில் கோயில் கொடைக்குக் கொடை ஊர் ஊராகப் போனவர், இசக்கி கதையும் சுடலை கதையும் விடிய விடிய கேட்டு மனப்பாடம். இப்போது கை நடுங்குகிறது என்று விட்டுவிட்டார். பாடகர் குரலெடுத்ததுமே அம்மா, "என்னடா இவன், தொண்டை கட்டினவன் மாதிரி பாடுதான்" என்றாள். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "கட்டலக்கா. உடைச்சு வச்சிருக்கான். நம்ம வில்லுல தலைப்பாட்டு பாடுற அண்ணாவிக்கும் ரெண்டாம் சாமத்துக்கு மேல இந்தக் குரல்தான் வரும். இவன் மொதல்லயே கொண்டு வாறான்."

சார் விளக்கினார். பான்சோரிக்காரர்கள் மலைக்குப் போய், அருவிக்கு எதிரே நின்று, அந்த இரைச்சலை மீறிக் கேட்கிற வரை பாடிப் பாடித்தான் இந்தக் கரகரப்பைச் சம்பாதிப்பார்களாம். 'சுன்ஹ்யாங்' கதையை முழுசாகப் பாடினால் எட்டு மணி நேரம்கூடப் போகும். மாமாவுக்கு எட்டு மணி நேரம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "ஒருத்தனேவா?" என்றுதான் கேட்டார். வில்லில் வலம்பாட இடம்பாட ஆள் உண்டு. அண்ணாவி மூச்சு வாங்கும்போது பின்பாட்டு ஏந்திக்கொள்ளும். இங்கே தனியாளாக நிற்கிறார்.

அடுத்து வந்தது வேலைக்காரன் பாங்ஜாவின் ஓட்டம். எசமான் அனுப்பி அவளை அழைத்துவரப் போகிறான். பாட்டு வேகமெடுக்கிறது, மேளம் குதிக்கிறது, அவன் கால் அந்தத் தாளத்துக்கே போகிறது. வளைகிறான், தாவுகிறான், பாடகர் சொல்லச் சொல்ல அந்தந்த அசைவு. நான் சப்டைட்டிலைப் படிக்க வாயெடுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "சும்மா இரு பிள்ளே. அவன் போறது தெரியாதா எனக்கு?"

தங்கை மகளின் கேள்விக்குப் பதிலாகச் சார் அப்போதுதான் சாம்பசிவனை எடுத்தார். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் யாரும் வி. சாம்பசிவன் பெயரைச் சொன்னால் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார்கள். பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்கிற கதாப்பிரசங்கத்தில் கேரளம் முழுக்க உற்சவ மேடைகளைக் கட்டி ஆண்டவர், 1996-இல் போய்ச் சேர்ந்தார். டால்ஸ்டாயின் கதையையும் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வையும் கோயில் மைதானத்தில் பீடி சுற்றுகிறவர்களும் கயிறு திரிக்கிறவர்களும் இரவு முழுக்க உட்கார்ந்து கேட்கும்படி செய்தவர். சார் கேட்டார்: "அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கதை முன்னாலேயே தெரியும். டெஸ்டிமோனா சாகப் போறாள்னு தெரிஞ்சேதான் வருவாங்க. பின்ன எதுக்கு வந்தாங்க?"

அவள் அசரவில்லை. "அது சரி சார், அங்க படம் இல்லையே. மனசுல படம் ஓடும். இங்க படமும் ஓடுது, பாட்டும் ஓடுது."

நல்ல பதில். நானும் அதையே கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தையல்காரி புத்தி எனக்கு. லைனிங் வைக்காத ஜாக்கெட்டும் ஜாக்கெட்தான், ஆனால் உடம்பில் நிற்காது. இந்தப் படத்தில் எது மேல்துணி, எது உள்துணி என்று பார்த்தால், நாம் நினைக்கிறபடி படம் மேலே, பாட்டு உள்ளே என்று இல்லை. பாட்டுதான் மேலே. பாடல் வேகம் கூடுகிற இடத்தில் கேமரா ஓடுகிறது, பாடல் இழுக்கிற இடத்தில் நடிகர்கள் அசையாமல் நிற்கிறார்கள். இம் க்வோன்-டெக்குக்கு இது 97-ஆவது படம். 1962 முதல் எடுத்துக்கொண்டிருக்கிறவருக்குக் கதையைக் காட்சியால் மட்டும் நகர்த்தத் தெரியாதா என்ன? வேண்டுமென்றேதான் கதையைப் பாடகர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நடக்கிறார்.

உடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் கண் அங்கேதான் போகும். பாவாடை இடுப்பில் இல்லை, நெஞ்சுக்கு மேலே கட்டுகிறார்கள். மேல்சட்டை குட்டையாக நெஞ்சோடு நின்றுவிடுகிறது. டார்ட் என்பதே கிடையாது, எல்லாம் நேர் வெட்டு. கழுத்துப் பட்டியில் வெள்ளையாக ஒரு துண்டு தெரியும். அதைத் தனியாகத் தைத்து, அழுக்கானால் பிரித்தெடுத்துப் புதிதாக வைப்பார்கள். இப்படி ஒன்றை நம் ஊர் ஜாக்கெட்டில் வைத்தால் வியர்வைக் காலத்தில் எவ்வளவு உதவும்! மாமியும் நானும் இதைப் பேசிக்கொண்டிருந்ததில் ஒரு முழுக் காதல் பாட்டு போய்விட்டது. அதில் எங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. நடிக்கிற இரண்டு பிள்ளைகளும் அழகு, ஆனால் அந்தப் பகுதி முழுக்கக் காலண்டர் படம் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. பூ, பனி, இலையுதிர்காலம் என்று அழகு கொஞ்சம் மிதமிஞ்சிப் போகிறது.

மாமா 'ஆமா' போட ஆரம்பித்தது எப்போது என்று சரியாகத் தெரியவில்லை. பான்சோரியில் மேளக்காரரும் கூட்டமும் இடையிடையே குரல் கொடுப்பார்கள். 'ஓல்சிகு', 'ஜோத்தா' என்று. நம்மில் 'பலே', 'சபாஷ்' சொல்வது போல, ஆனால் எங்கே விழ வேண்டும் என்று கணக்கு உண்டு. தப்பான இடத்தில் விழுந்தால் பாடகருக்கு மூச்சு தவறும். வில்லில் இது குடக்காரருக்கும் பின்பாட்டுக்கும் உள்ள வேலை. அண்ணாவி "வில்லினில் பாட" என்று இழுத்தால் "ஆமா, வில்லினில் பாட" என்று ஏந்த வேண்டும். மாமா சோபாவில் சாய்ந்தபடி, கொரிய மேளக்காரர் குரல் கொடுக்கிற அதே இடங்களில் மெதுவாக "ஆமா" என்றார். பாஷை தெரியாது. நான் படித்துச் சொல்வதையும் பாதிதான் கேட்கிறார். இடம் மட்டும் பிசகவில்லை. தங்கை மகள் போனை எடுத்து வீடியோ பிடித்தாள்.

சார் இன்னொன்று சொன்னார். 'முதலில் மேளக்காரர், பிறகுதான் பாடகர்' என்று கொரியாவில் ஒரு பழமொழியே உண்டாம். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அந்த நாட்டுக்காரன் விவரமானவன்" என்றார். மாமா காலத்தில் குடம் அடிக்கிறவருக்கு நோட்டீசில் பெயர் கடைசியில்தான் வரும்.

அடி விழுகிற காட்சிக்கு வருகிறேன். படத்தின் உயிர் இதுதான். ஆளுநரின் ஆணையை மறுத்ததற்காகச் சுன்ஹ்யாங்கைக் கட்டி வைத்துத் தடியால் அடிக்கிறார்கள். பான்சோரியில் இதற்கென்றே தனிப் பாட்டு உண்டு. ஒவ்வொரு அடிக்கும் அந்த எண்ணையே பிடித்து அவள் பதில் பாடுகிறாள். ஒன்று என்று அடி விழுந்தால், ஒரே மனம்தான் எனக்கு என்கிறாள். இரண்டு என்றால், இரண்டு கணவர்களுக்குப் பணிய மாட்டேன் என்கிறாள். இப்படியே அடி ஏற ஏற எண் ஏறுகிறது, பாட்டு ஏறுகிறது. பாடுவது மேடையில் இருக்கிற அந்தக் கரகரக் குரல் கிழவர், அடி வாங்குவது திரையில் இருக்கிற சின்னப் பெண். அவள் வாய் திறக்க, அவர் குரல் வருகிறது. சாதாரணப் படத்தில் இது ஒட்டவே ஒட்டாது. இங்கே ஒட்டாமல் இருப்பதுதான் வேலை செய்கிறது. ஒரு பெண் வலியில் கத்தினால் நாம் கண்ணை மூடிக்கொள்வோம். இவர் பாடும்போது கண்ணை மூட முடியவில்லை, அடுத்த எண்ணுக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று காது நிற்கிறது.

நான் இந்த இடத்தில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். எண் மட்டும் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தங்கை மகள் போனைக் கீழே வைத்திருந்தாள். மாமாவின் 'ஆமா' நின்றுபோயிருந்தது. கேட்டதற்கு, "இந்த இடத்துல குரல் குடுக்கப்பிடாது. அழுகைப் பாட்டுக்கு யாரு ஆமா போடுவா?" என்றார். நான் பிறகு பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் மேளக்காரர் குரல் கொடுக்கத்தான் செய்கிறார், அடக்கமாக. மாமாவிடம் சொன்னேன். "அது அவங்க ஊர் வழக்கம்" என்று முடித்துக்கொண்டார்.

சண்டை வந்தது அதற்கு அப்புறம். மோங்ர்யோங் பிச்சைக்காரன் வேஷத்தில் திரும்பி, சிறைக்குப் போய் அவளைப் பார்க்கிறான். மறுநாள் அவளுக்குச் சாவு. அவள் அவனுடைய கந்தலைப் பார்த்துக்கூடக் கோபப்படவில்லை. தன் நகைகளை விற்று இவருக்கு நல்ல துணி எடுத்துக் கொடுங்கள் என்று அம்மாவிடம் சொல்கிறாள். அவன் பையில் அரசரின் முத்திரை இருக்கிறது. சொல்ல மாட்டேன் என்கிறான்.

"சொல்லித் தொலைச்சா என்ன இவனுக்கு?" மாமி எழுந்தே விட்டார். "ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளை சாவை நினைச்சிட்டுக் கிடக்கணுமா?"

சார், ரகசிய ஆய்வாளர் தன்னை வெளிப்படுத்தக்கூடாது, அது அரச கட்டளை என்றார். மாமி அதை ஏற்கவில்லை. மறுநாள் விருந்தில் அவன் ஒரு கவிதை எழுதி வைப்பது எல்லோருக்கும் பிடித்தது. தங்கக் கிண்ணத்து மது ஆயிரம் பேரின் ரத்தம், மெழுகுவர்த்தி உருகும்போது ஜனங்களின் கண்ணீர் வடிகிறது என்று போகும் அது. பிறகு ஆய்வாளரின் ஆட்கள் கூச்சலிட்டு உள்ளே பாய்கிற இடத்தில் அம்மா கைதட்டினாள். ஆனால் அதற்குப் பிறகும் அவன் முகத்தைக் காட்டாமல், நீ இந்த அதிகாரிக்காவது பணிவாயா என்று இன்னொரு முறை அவளைக் கேட்கிறான். அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்த மோதிரத்தைக் காட்டித் தான் யாரென்று தெரியவைக்கிறான். மாமி ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்த சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கும்.

"முத்துப்பட்டனைப் பாரு" என்றார் மாமி. அந்த வாதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வில்லில் மாமா எத்தனையோ தரம் அடித்த கதை அது. பட்டன் பிராமணன். பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை விரும்பினான். அவர்களின் அப்பா நிபந்தனை போட்டார். பட்டன் பூணூலை அறுத்தான், குடுமியை அறுத்தான், தோல் எடுத்துச் செருப்புத் தைத்தான். "அவன் இறங்கி வந்தான். இவன் எங்க இறங்கினான்? வேஷத்துக்குக் கந்தல் கட்டினான், அவ்வளவுதானே. அடி வாங்கினவ அவ. இவன் பரீட்சை எழுதினான், பாஸ் ஆனான்."

மாமா, பட்டன் கதை சாவில் முடிகிறது, இது கல்யாணத்தில் முடிகிறது, எது மேல் என்று கேட்டார். மாமி, "செத்தாலும் அது நேர்மையான கதை" என்றார். தங்கை மகள் மாமி பக்கம் சேர்ந்துகொண்டாள். அதுவரை எரிச்சலோடு பார்த்தவள், இந்தச் சண்டையில் மட்டும் முழு மூச்சாக இறங்கினாள். அம்மா பையன் பக்கம்: அவன் திரும்பி வந்தானே, வராமல் போனவன் எத்தனை பேர் என்றாள். அது யாரைப் பற்றி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் பதில் சொல்லவில்லை.

இரவு சாப்பாடு வரை இதேதான் பேச்சு. ஒருவர்கூட 'அடுத்து என்ன ஆகும்' என்று கேட்கவில்லை என்பதைச் சாப்பிடும்போதுதான் கவனித்தேன். பாடகர் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுவதால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நடந்தது சரியா தப்பா என்று அடித்துக்கொள்ளத்தான் நேரம் மிச்சம். கோயில் கொடையில் விடியற்காலை வில்லு முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது பெண்கள் பேசிக்கொண்டு வருவதும் இதையேதான்.

இந்தப் படம் கேன்ஸ் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் கொரியப் படம், 2000-இல். பரிசு கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொரு படத்துக்கு இம் க்வோன்-டெக் அங்கே சிறந்த இயக்குநர் பரிசு வாங்கினார். சார் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கை மகள் மாமாவின் 'ஆமா' வீடியோவைத் தோழிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். படம் பிடித்ததா என்று கேட்டேன். "சீரியல் அளவுக்கு இல்ல. அந்த அடிக்கிற சீன் மட்டும் இன்னொரு தடவை பார்க்கணும்" என்றாள்.

அடுத்து இதே இயக்குநரின் 'சோப்யோன்ஜே' பார்க்கலாம் என்று சார் சொல்லிவிட்டுப் போனார். 1993 படம், சோல் நகரத்தில் மட்டும் பத்து லட்சம் பேரைத் தாண்டிப் பார்த்த முதல் கொரியப் படம், அதுவும் பான்சோரிக்காரர்களைப் பற்றியது. மேளம் நிறைய உண்டா என்று மாமா கேட்டுவைத்திருக்கிறார். மாமி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ஆம்பிளை பெண்ணைச் சோதித்துப் பார்க்கிற கதையாக இருக்கக்கூடாது. அந்தப் படத்தில் மகளின் குரலில் சோகம் ஏற வேண்டும் என்று அப்பனே அவள் கண்ணைக் கெடுக்கிறான் என்பதை யார் மாமியிடம் சொல்வது என்று சாரும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.